சோஹோ, 1998: ஓர் இரவில் தொலைந்து மூன்று மாதத்தில் மீண்ட விண்கலம்

1998 ஜூன் 25, உலகப் பொது நேரப்படி அதிகாலை 4:43. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த சோஹோ விண்கலத்திலிருந்து வந்துகொண்டிருந்த தரவு அறுந்துபோனது. விண்கல் எதுவும் மோதவில்லை. பாகம் எதுவும் உடையவில்லை. தரையிலிருந்து போன கட்டளைகளே கலத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோயிருந்தன. சரியாக மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 25 அன்று, அதே கலம் வழக்கமான இயக்கத்துக்குத் திரும்பியது.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மீட்பைத்தான் சொல்வார்கள். அது சொல்லத் தகுந்ததுதான். ஆனால் தொடர்பு அறுவதற்கு முந்தைய ஐந்தரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ள இன்னும் அதிகம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதனால் இரண்டையும் நடந்த வரிசையிலேயே பதிவு செய்கிறேன். அன்று பணியில் இருந்தவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை.

பின்னணி

சோஹோ, ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய சூரிய ஆய்வுக் கலம். கட்டியது ஐரோப்பா, ஏவியதும் இயக்கியதும் அமெரிக்கா. 1995 டிசம்பர் 2 அன்று கேப் கனாவரலிலிருந்து அட்லஸ் ராக்கெட்டில் கிளம்பியது. எடை ஏறக்குறைய 1,850 கிலோ, உள்ளே 12 ஆய்வுக் கருவிகள். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே எல்-1 என்ற புள்ளியைச் சுற்றிவரும்படி நிறுத்தப்பட்டது. இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 கலம் 2024 ஜனவரி 6 அன்று போய்ச் சேர்ந்ததும் இதே பகுதிக்குத்தான். சோஹோவின் கட்டுப்பாட்டு அறை மேரிலாந்து மாநிலத்தின் கிரீன்பெல்ட்டில், நாசாவின் கொடார்ட் மையத்தில் இருந்தது.

திட்டமிட்ட இரண்டு ஆண்டுப் பணி 1998 வசந்த காலத்தில் முடிந்தது. கலம் நன்றாக இருந்ததால் பணியை நீட்டித்தார்கள். முதல் கட்டம் வெற்றியாக முடிந்த திட்டங்களில் வழக்கமாக நடப்பதுபோல ஆட்களைக் குறைக்கும் பேச்சும் செலவைச் சுருக்கும் பேச்சும் வந்தன. ஆனால் அறிவியலாளர்களின் எதிர்பார்ப்பு குறையவில்லை. சூரியனின் செயல்பாடு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அவதானிப்பு நின்ற ஒவ்வொரு மணி நேரத்தையும் இழப்பாகவே பார்த்தார்கள்.

அடுத்து நடந்தது புரிய வேண்டுமென்றால் கலத்தின் ஒரு பகுதியைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தாக வேண்டும்.

சோஹோ எப்போதும் சூரியனையே நோக்கியிருக்க வேண்டும். மின்சாரம், வெப்பநிலை, ஆய்வு மூன்றும் அதை நம்பித்தான். முகம் திரும்பிவிட்டதா என்பதைச் சூரிய உணரி சொல்லிவிடும். ஆனால் சூரியனை நோக்கிய அச்சைச் சுற்றியே கலம் உருண்டுகொண்டிருந்தால் அந்த உணரிக்குத் தெரியாது. எந்தப் பக்கம் உருண்டாலும் அதன் பார்வையில் சூரியன் நடுவிலேயே நிற்கும். இந்த உருளலை அளக்கத்தான் ஜைரோஸ்கோப்புகள். மூன்று இருந்தன. அவசர நிலையிலிருந்து மீளும்போது உருளலைக் கட்டுப்படுத்த ஏ. உருளல் வேகம் வரம்பு மீறினால் எச்சரிக்கை எழுப்ப பி. தரையிலிருந்து நடத்தும் வேலைகளின்போது கலத்தின் கணிப்பொறிக்கு அளவு கொடுக்க சி. ஜைரோவின் ஆயுள் அது சுழலும் நேரத்தைப் பொறுத்தது என்பதால், தேவையில்லாத நேரத்தில் அவற்றை நிறுத்தி வைப்பது வழக்கம்.

ஏதாவது தவறு நடந்தால் கலம் தானாகவே ஒரு பாதுகாப்பு முறைக்குப் போய்விடும். அவசர சூரிய மீட்பு என்பது அதன் பெயர். இங்கே அவசர முறை என்று சொல்கிறேன். அதில் கணிப்பொறியை நம்பாமல், தனியாக அமைத்த மின்சுற்று உந்துகலன்களை (எரிபொருளைப் பீய்ச்சிக் கலத்தைத் திருப்பும் சிறு எந்திரங்கள்) இயக்கிக் கலத்தின் முகத்தைச் சூரியனிடம் பிடித்து வைக்கும். அவதானிப்பு எல்லாம் நிற்கும், எரிபொருள் செலவாகும். அதற்குமுன் நான்கு முறை சோஹோ இப்படிப் போய்த் திரும்பியிருந்தது. ஆக, கட்டுப்பாட்டு அறைக்கு இது பழகிய விஷயம்.

ஜூன் 24 இரவு

அன்று நடந்துகொண்டிருந்தது வழக்கமான பராமரிப்பு: ஜைரோக்களை அளவு சரிபார்ப்பது, கலத்தின் திசையைப் பிடித்துவைக்கும் சுழல் சக்கரங்களில் சேர்ந்த உந்தத்தை இறக்குவது, சுற்றுப்பாதையைச் சற்றுத் திருத்துவது. கருவிகள் சும்மா இருக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக இவற்றை நெருக்கமாக அடுக்கி, வழக்கத்தைவிடச் சுருங்கிய கால அட்டவணையில் வைத்திருந்தார்கள். பயன்படுத்திய கட்டளைத் தொகுப்புகளும் முன்பு இருந்தவை அல்ல, திருத்தப்பட்டவை. திருத்தத்தில் இரண்டு பிழைகள் இருந்தன.

முதல் பிழை, அளவு சரிபார்ப்பு முடிந்த பிறகும் ஜைரோ பி அதிக நுண்ணுணர்வு அமைப்பிலேயே விடப்பட்டது. அதனால் அது உருளல் வேகத்தை 20 மடங்கு கூட்டிச் சொன்னது. இரண்டாவது, நிறுத்தி வைத்திருந்த ஜைரோ ஏ-வை அவசர முறைக்குப் போகும்போது மீண்டும் சுழலவிட வேண்டிய கட்டளை தொகுப்பிலிருந்து விடுபட்டிருந்தது.

இரவு 11:16 மணிக்கு, மேரிலாந்தில் மாலை 7:16, பி-யின் மிகைப்பட்ட அளவைப் பார்த்துக் கலம் அவசர முறைக்குப் போனது. கலத்தின் வாழ்வில் ஐந்தாவது முறை. காரணத்தைச் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். பி-யின் அமைப்பைச் சரிசெய்தார்கள். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று மீட்பு வரிசையைத் தொடங்கினார்கள்.

ஆனால் ஏ நின்றுகொண்டிருந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. மீட்பு வரிசையில் உருளலைக் கட்டுப்படுத்த வேண்டியது அதுதான். நின்றிருக்கும் ஜைரோவுக்கு உருளல் தெரியாது. அதன் மின்னணு பக்கத்தில் இருந்த சிறிய திருத்த மதிப்பைக் கணிப்பொறி உண்மையான உருளல் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத உருளலை நிறுத்த உந்துகலன்களை இயக்கியது. விளைவாகக் கலம் நிஜமாகவே உருளத் தொடங்கியது. வேகம் கூடியதும், இப்போது சரியாக வேலை செய்துகொண்டிருந்த பி எச்சரிக்கை எழுப்பியது. அதிகாலை 2:35 மணிக்கு ஆறாவது அவசர முறை.

இந்த இடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது.

திரையில் ஏ ஒன்று சொல்கிறது, பி வேறொன்று சொல்கிறது. இரண்டில் ஒன்று தவறு. சில மணி நேரத்துக்கு முன் தவறாக அளந்தது பி. அதனால் பி-தான் பழுது என்று முடிவெடுத்தார்கள். அந்த நேரத்தின் பரபரப்பில் இது இயல்பான முடிவு என்பதை மறுக்க முடியாது. சற்றுமுன் குற்றம் செய்தவர் மீது மறுபடி சந்தேகம் விழுவதுபோல. ஆனால் பி-யின் முதல் தவறுக்குக் காரணம் தெரிந்திருந்தது, அது திருத்தப்பட்டும் இருந்தது. திருத்திய ஒன்றை மீண்டும் பழுது என்று சொல்ல வேண்டுமானால் புதிதாக ஓர் ஆதாரம் தேவை. ஏ சுழல்கிறதா என்ற தகவல் கலத்திலிருந்து வந்துகொண்டிருந்த தரவிலேயே இருந்தது. யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

பி-யை அணைத்தார்கள். உருளல் வேகத்தைக் கண்காணிக்க இருந்த ஒரே ஏற்பாடு அதோடு போனது. மீட்பு வரிசையை மறுபடி ஓட்டினார்கள். கணிப்பொறி மறுபடி ஏ-வை நம்பி உந்துகலன்களை இயக்கியது. உருளல் கூடிக்கொண்டே போய், கலம் தள்ளாடி, முகம் சூரியனிலிருந்து வரம்பைத் தாண்டி விலகியது. 4:38-க்கு ஏழாவது அவசர முறை. ஐந்து நிமிடத்தில் தரவு நின்றது.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. எல்-1-க்கு ரேடியோ அலை போய்ச்சேர ஐந்து விநாடி போதும். செவ்வாய், வியாழன் பயணங்களில்போல இங்கே கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட காத்திருப்பு இல்லை. கேட்ட உடனே பதில் கிடைத்திருக்கும். அவசர முறையில் கலம் பல மணி நேரம் தரையின் தயவில்லாமலே சமாளிக்கும்படிதான் வடிவமைத்திருந்தார்கள். அவசரம் கலத்திடம் இல்லை, அட்டவணையில் இருந்தது.

மௌனம்

நாசாவும் ஐரோப்பிய முகமையும் சேர்ந்து விசாரணைக் குழு அமைத்தன. அதே நேரத்தில் இன்னொரு குழு கொடார்டில் மீட்பு வேலையில் இறங்கியது. கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் பொறியாளர்களும் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஏன் நடந்தது என்று கேட்பவர்களையும் இனி என்ன செய்வது என்று கேட்பவர்களையும் பிரித்து வைத்தது, பின்னோக்கிப் பார்க்கையில், நல்ல முடிவு.

கடைசியாக வந்த தரவை வைத்துக் கலத்தின் நிலையைக் கணக்கிட்டார்கள். சுழன்றுகொண்டிருக்கும், சூரியப் பலகைகளின் விளிம்பு சூரியனைப் பார்த்திருக்கும், அதனால் மின்சாரம் இல்லை. பேட்டரிகள் சில மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். அப்புறம் குளிர்.

கணக்கிலேயே ஒரு நம்பிக்கையும் கிடைத்தது. சுழலும் பம்பரத்தின் அச்சு திசை மாறாமல் நிற்பதுபோல, சுழலும் கலத்தின் அச்சும் விண்வெளியில் ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கலமோ பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றிப் போகிறது. ஆகவே கலத்திலிருந்து பார்க்கையில் சூரியனின் திசை நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி நகரும். இன்று விளிம்பில் விழும் வெயில் சில வாரத்தில் பலகைமேல் சரிந்து விழும், மூன்று மாதத்தில் நேராக விழும். யாரும் எதுவும் செய்யாமலே மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

எதிர்த்திசையில் இன்னொரு கணக்கு ஓடியது. எல்-1 புள்ளியைச் சுற்றும் பாதை நிலையானது அல்ல. அவ்வப்போது திருத்தாவிட்டால் கலம் அதைவிட்டு வழுவிவிடும். நவம்பர் வாக்கில் அது நடக்கலாம் என்று கணக்கு சொன்னது. செப்டம்பர் கடைசியில் முழு வெயில், நவம்பரில் பாதை இழப்பு. நடுவில் இருந்த காலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

இந்த நிலையில் எடுத்த முதல் முடிவு எளிமையானது: பதில் வராவிட்டாலும் தொடர்ந்து கூப்பிடுவது. கலத்தின் ரிசீவருக்கு எந்த நிமிடத்தில் மின்சாரம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. நாசாவின் ஆழ்விண்வெளி வலையமைப்பு நிலையங்களிலிருந்து, டிரான்ஸ்மிட்டரை இயக்கச் சொல்லும் கட்டளை நாள்தோறும் பல மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. ஐரோப்பிய முகமையின் நிலையங்களும் சேர்ந்து காது கொடுத்தன. சுழற்சியில் ஒரு நொடி பலகைமேல் வெயில் பட்டு, ஒரு நொடி மட்டும் சிக்னல் வந்தாலும் தவறவிடக்கூடாது என்பதற்காக, அப்படிப்பட்ட குறுகிய துடிப்பைப் பிடிக்கும் கருவிகளை நிலையங்களில் வைத்தார்கள்.

ராடார்

இரண்டாவது முடிவு, கலம் பேசும்வரை காத்திருக்காமல் அதைப் பார்த்துவிடுவது. யோசனை வந்தது புவெர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியைச் சேர்ந்த ஆய்வாளர்களிடமிருந்து. ஜூலை 23 அன்று 305 மீட்டர் விட்டமுள்ள அந்தத் தட்டிலிருந்து 580 கிலோவாட் ஆற்றலில் சோஹோவை நோக்கி ரேடியோ அலையை அனுப்பினார்கள். எதிரொலியை கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனா கேட்டது. அனுப்புவது ஓரிடம், கேட்பது வேறிடம் என்று பிரித்துக்கொண்டதால் இடைவிடாமல் கேட்க முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் எதிரொலி கிடைத்தது.

தெரிந்தவை இரண்டு. கலம் கணக்கிட்ட இடத்திலேயே இருக்கிறது. ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழல்கிறது. ஆன்டெனாக்களை எங்கே திருப்புவது, வரப்போகும் துடிப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது. அதற்கும் மேலாக, கணக்கு சரி என்றால் செப்டம்பர் வெயிலும் வரும் என்ற தெம்பு.

அந்த அரெசிபோ தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. வழிமுறை மட்டும் பிழைத்திருக்கிறது: 2009-இல் தொடர்பு அறுந்த நம் சந்திரயான்-1, நிலவைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை 2016-இல் கோல்ட்ஸ்டோன் அலை அனுப்ப, கிரீன் பேங்க் தொலைநோக்கி கேட்டு, இதே முறையில் கண்டுபிடித்தார்கள்.

ஆகஸ்ட் 3: முதல் துடிப்பு

ஆகஸ்ட் 3 இரவு 10:51 மணிக்கு ஆஸ்திரேலியாவின் கான்பெரா நிலையம் சோஹோவின் சிக்னலைப் பிடித்தது. இரண்டு விநாடி முதல் பத்து விநாடிவரை நீடித்த துடிப்புகள். தகவல் எதுவும் இல்லாத வெறும் அலை. சுழற்சியில் வெயில் படும் பகுதிக்கு வரும்போது ரிசீவர் விழிக்கும், கட்டளையைக் கேட்கும், டிரான்ஸ்மிட்டரைப் போடும், மின்சாரம் போதாமல் மறுபடி எல்லாம் அணையும்.

எனக்கு இந்த ஆவணத்தில் முக்கியமாகப் படுவது அடுத்து எடுத்த முடிவுதான். ஐந்து வாரம் காத்திருந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது, கலத்தின் உடல்நிலையைக் கேட்பது: வெப்பநிலை என்ன, எது இயங்குகிறது, எது போய்விட்டது. அவர்கள் கேட்கவில்லை. தரவு அனுப்பவும் மின்சாரம் வேண்டும். கிடைக்கிற சொற்ப மின்சாரத்தை முதலில் பேட்டரிக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். துடிப்புகளுக்கு நடுவே கட்டளைகளை அனுப்பி, பலகைகளிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பினார்கள். கலத்தின் நிலை தெரியாமலே, கட்டளை ஏற்கப்பட்டதா என்பதும் தெரியாமலே செய்த வேலை.

ஆகஸ்ட் 8 அன்றுதான் தரவைக் கேட்டார்கள். அதுவும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. வந்த சில சட்டகங்களைப் படித்துவிட்டு உடனே அணைத்துவிட்டு மறுபடி மின்னேற்றம். அடுத்தடுத்த நாட்களில் இதேபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக் கலத்தின் நிலையை அறிந்துகொண்டார்கள். படம் பயந்ததுபோலவே இருந்தது. எரிபொருளான ஹைட்ரசீன் உறைந்திருந்தது. கருவிகளில் சில மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே போயிருந்தன, சில 100 டிகிரி அளவுக்குச் சூடேறியிருந்தன.

உருக்குதல்

கலத்தைத் திருப்ப உந்துகலன் வேண்டும். உந்துகலனுக்குத் திரவ எரிபொருள் வேண்டும். தொட்டியில் 48 கிலோ ஹைட்ரசீன் கட்டியாகிக் கிடந்தது என்று மதிப்பிட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று தொட்டி ஹீட்டரைப் போட்டார்கள்.

ஹைட்ரசீன் தண்ணீருக்கு நேர்மாறானது. தண்ணீர் உறையும்போது விரிந்து குழாயை உடைக்கும். ஹைட்ரசீன் உறையும்போது சுருங்கும், உருகும்போது விரியும். குழாயின் நடுப்பகுதி முதலில் உருகி, இரண்டு பக்கமும் கட்டியாக அடைத்திருந்தால் விரிகிற திரவத்துக்குப் போக இடமில்லை, குழாய் வெடிக்கலாம். அதனால் வரிசை முக்கியம். முதலில் தொட்டி, அப்புறம் தொட்டியை ஒட்டிய குழாய், அதற்குப் பிறகு அடுத்த பகுதி என்று போக வேண்டும்.

அதற்கும் மின்சாரம் போதவில்லை. ஹீட்டர் ஓடினால் பேட்டரி இறங்கும். நிறுத்தி ஏற்ற வேண்டும், பிறகு மறுபடி ஹீட்டர். தொட்டியை மட்டும் மொத்தம் 275 மணி நேரம் சூடாக்கினார்கள். இதற்காகக் கருவிகளைக் குளிரிலேயே விட வேண்டியிருந்தது. விலை உயர்ந்த 12 கருவிகள் உறைந்து கிடக்கும்போது எரிபொருளுக்கு முன்னுரிமை கொடுப்பது, அவற்றைக் கட்டியவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனால் கலம் சூரியனை நோக்கித் திரும்பாமல் எந்தக் கருவியையும் காப்பாற்ற முடியாது. இருக்கிற மின்சாரத்தை எல்லாருக்கும் பங்கிட்டிருந்தால் எதுவுமே உருகியிருக்காது.

தொட்டி உருகி, குழாய்களின் முறை வந்த நேரத்தில், ஆகஸ்ட் 31 அன்று, விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. கலம் இன்னும் திரும்பவில்லை; கலத்தில் குற்றமில்லை என்ற தீர்ப்பு முந்திக்கொண்டது.

செப்டம்பர் 16: திருப்புதல்

செப்டம்பர் நடுவில் குழாய்கள் தயாராயின, பேட்டரிகள் நிறைந்தன. வெயிலும் கணக்குப்படியே ஏறக்குறைய நேராக விழத் தொடங்கியிருந்தது. 16-ஆம் தேதி உந்துகலன்களை இயக்கிச் சுழற்சியைக் குறைத்து, மாலை 6:29 மணிக்குக் கலத்தை எட்டாவது முறையாக அவசர முறைக்குப் போகவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன் எதிலிருந்து சீக்கிரம் வெளியே வரப் பார்த்தார்களோ அதற்குள் போவதே இப்போது இலக்காக இருந்தது. கலம் சூரியனைப் பிடித்துக்கொண்டது.

பிறகு ஒன்பது நாள் சரிபார்ப்பு, சுற்றுப்பாதைத் திருத்தம். செப்டம்பர் 25 மாலை 7:52-க்கு வழக்கமான இயக்கம். அக்டோபர் 5 முதல் கருவிகளை ஒவ்வொன்றாக எழுப்பினார்கள். அக்டோபர் 24-க்குள் 12-உம் இயங்கின. நிரந்தர இழப்பும் இருந்தது: சூரியனின் வெளி வளிமண்டலத்தைப் படமெடுக்கும் லாஸ்கோ கருவியின் மூன்று தொலைநோக்கிகளில் சூரியனுக்கு மிக நெருங்கிய பகுதியைப் பார்த்த சி1 திரும்பவே இல்லை.

பின்விளைவுகள்

மூன்று ஜைரோக்களில் இரண்டு குளிரில் செத்துவிட்டிருந்தன. மிஞ்சிய ஒன்றும் 1998 டிசம்பர் 21 அன்று நின்றது. கலம் அவசர முறையில் உந்துகலன்களைக் கொண்டே முகத்தைப் பிடித்து நின்றது; வாரத்துக்கு ஏறக்குறைய 7 கிலோ ஹைட்ரசீன் கரைந்தது. ஜைரோவே இல்லாமல் இயங்கும் மென்பொருளை எழுதி, சோதித்து, அனுப்பி, 1999 பிப்ரவரி 1 அன்று கலத்தை மறுபடி வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று அச்சிலும் நிலைநிறுத்தப்பட்ட ஒரு கலம் ஜைரோ இல்லாமல் இயங்கியது அதுவே முதல் முறை. பின்னர் சுழல் சக்கரங்களின் வேகத்தை வைத்தே உருளலைக் கணிக்கும் ஒரு முறையையும் சேர்த்தார்கள். வழக்கமான இயக்கத்துக்கும் அவசர முறைக்கும் நடுவே ஒரு கூடுதல் படி அது. ஏதாவது நடந்தால் நேராக அவசர முறைக்கு விழாமல் முதலில் இந்தப் படியில் நிற்கும்.

இரண்டு ஆண்டுக்கென்று அனுப்பிய சோஹோவின் படங்களில் 2024 மார்ச்சில் 5,000-ஆவது வால்மீன் கண்டுபிடிக்கப்பட்டது.

எதை மாற்ற வேண்டும்

விசாரணைக் குழு தனி ஆட்களின் கவனக்குறைவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மாற்றிய கட்டளைத் தொகுப்புகளை யார் பார்த்தார்கள், எப்படிச் சோதித்தார்கள், மாற்றம் பணியில் இருந்தவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா, அட்டவணையில் தவறுக்கு இடம் விட்டார்களா, ஆட்கள் போதுமா, கலத்தின் பாதுகாப்பைவிட அறிவியல் பலனுக்கு அதிக முக்கியத்துவம் போனதா என்றெல்லாம் போனது. அந்த ஐந்து மணி நேரத்தில் எப்போதாவது ஒரு முறை ஏ சுழல்கிறதா என்று பார்த்திருந்தால் கலம் தொலைந்திருக்காது என்பது அதன் முடிவு.

நடைமுறையில் நான் இதிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்வேன்.

ஆயுளைச் சேமிக்க ஜைரோவை நிறுத்தி வைத்தது தவறல்ல. ஆனால் அந்தச் சேமிப்பு ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டின் அடியில் கை வைக்கிறது. அப்படிப்பட்ட மாற்றத்தை, வெறும் கட்டளைத் திருத்தமாக நடத்தாமல், கலத்தின் வடிவமைப்பையே மாற்றுவதாக நினைத்து, சிமுலேட்டரில் அவசர முறை உட்பட எல்லா வழியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நல்ல நாளில் ஓடிய தொகுப்பு கெட்ட நாளிலும் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அவசர முறையிலிருந்து வெளியே எடுக்கும் முடிவு, அதற்குள் போகக் காரணமான வேலையை நடத்திக்கொண்டிருந்த அதே மேசையில் எடுக்கப்படக் கூடாது. முதல் முறை காரணம் தெரிந்தது, சரி. இரண்டாம் முறை அதே இரவில் வந்ததும் கலத்தைக் கட்டியவர்களைக் கூப்பிட்டு, சேமிப்பில் உள்ள தரவு முழுவதையும் படித்த பிறகே கை வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பு எச்சரிக்கை தரும் ஒரு பாகத்தை அணைப்பதற்கு, வழக்கமான பணிமுறைக்கு மேலே இருப்பவரின் ஒப்புதல் கட்டாயமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது விஷயம், திரை. ஓர் அளவைக் காட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதை அளக்கும் கருவி இயங்குகிறதா என்பதும் தெரிய வேண்டும். நின்ற ஜைரோவும் அமைதியான கலத்தின் ஜைரோவும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். இரண்டு ஜைரோக்கள் முரண்பட்டால் எது பழுது என்ற கேள்விக்கு முன்னால், இரண்டும் சுழல்கின்றனவா என்ற கேள்வி பணிமுறைத் தாளில் முதல் வரியாக இருக்க வேண்டும்.